செம்பட்டை முடியும் சாஸ்திரமும்



சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு அகத்துக்குத் திரும்பினேன். கூடத்து ஊஞ்சலில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2014இல் காலமான என் அத்தை, தன் இருபது வயதுத் தோற்றத்தில் அங்கே உட்கார்ந்து ஆடுவது போல ஒரு க்ஷணம் தோன்றிவிட்டது. முகஜாடையால் அல்ல, முடியின் நிறத்தால்.

"என்ன தாத்தா, அப்படிப் பார்க்கறேள்? நன்னா இல்லையா?"

"என்னடி இது, தலையெல்லாம் செம்பட்டையா இருக்கு?"

"செம்பட்டை இல்லை தாத்தா, காப்பர் பிரவுன். நாலாயிரம் ரூபாய் ஆச்சு."

உள்ளேயிருந்து மாட்டுப்பெண் குரல் கொடுத்தாள். தை பிறந்ததும் சென்னையிலிருந்து ஒரு வரன் வீட்டார் பார்க்க வருகிறார்கள். அதற்குள் முடியைக் கருப்பாக்கிக்கொண்டாக வேண்டும் என்பது அவள் கட்சி. நானும் அதே கட்சியில் சேர்ந்துகொண்டேன். போதாக்குறைக்கு, "கபில வர்ணக் கேசம் உள்ள கன்னிகையை விவாகம் செய்துகொள்ளக் கூடாது என்று மனுவே சொல்லியிருக்கிறார், தெரியுமோ?" என்று என் பாண்டித்யத்தையும் காட்டினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஊஞ்சலை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "அத்தைப்பாட்டியை வேண்டாம்னு சொன்னாளே, அவாளும் இந்த ஸ்லோகத்தைத்தான் சொன்னாளா தாத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று முதல் ஒரு மாத காலம், அலமாரியில் உள்ள புஸ்தகங்களையும் நண்பர்களிடம் இரவல் வாங்கியவற்றையும் புரட்டிப் பார்த்தேன். முடியின் நிறத்தைப் பற்றி நம் முன்னோர்களும் மற்ற தேசத்தவர்களும் என்ன நினைத்தார்கள் என்று தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1959ஆம் வருஷம்

முதலில் அத்தையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

கும்பகோணத்துக்கு அருகே ஓர் அக்ரஹாரம் எங்கள் பூர்வீகம். அத்தை என் தகப்பனாருக்கு 13 வயது இளையவள். முழங்கால் வரை தொங்கும் முடி. ஆனால் நிறம் வெல்லப்பாகு போல இருக்கும். பாட்டி இரும்பு வாணலியில் கரிசலாங்கண்ணிச் சாறு, நெல்லிமுள்ளி, அவுரி எல்லாம் போட்டு எண்ணெய் காய்ச்சாத மாதமே கிடையாது. அதைத் தேய்த்த அன்று இரண்டு நாள் கொஞ்சம் மங்கலாக இருக்கும். மறுபடி வெயில் பட்டால் செம்பு போல மின்னும்.

மூன்று இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "ஜாதகம் அமோகமாகப் பொருந்தியிருக்கிறது, ஆனால்..." என்று இழுப்பார்கள். நாலாவது இடம் வரும்போது, பக்கத்தகத்து மாமி ஒரு யோசனை சொன்னாள். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தலை முழுக்கத் தடவினார்கள். எனக்கு அப்போது 7 வயது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

சொஜ்ஜி, பஜ்ஜி, பாட்டு எல்லாம் நன்றாகவே நடந்தது. பிள்ளையின் தாயாருக்கு அத்தையை மிகவும் பிடித்துவிட்டது. "கிட்ட வாடி குழந்தை" என்று கூப்பிட்டு, தன் கையாலேயே மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைத்துச் சரிசெய்தாள். கையை எடுத்தபோது ஐந்து விரலும் கருப்பு. மல்லிகையும் கருப்பு. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்ளாமல், எழுந்து போய்த் தொட்டி ஜலத்தில் கையைக் கழுவினாள். "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். லெட்டர் வரவில்லை.

அதன் பிறகு அத்தை யார் முன்னாலும் வந்து நமஸ்காரம் பண்ண மறுத்துவிட்டாள். ஹிந்திப் பரீட்சைகள் எழுதினாள். 1962இல் அப்பாவுக்கு பெங்களூருக்கு மாற்றலானபோது எங்களோடு காக்ஸ் டவுனுக்கு வந்தாள். 30 வருஷத்துக்கு மேல் ஹிந்தி டீச்சராக வேலை பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேரின் படிப்பு அவள் சம்பளத்தில்தான் நடந்தது.

கபிலம் என்ற ஒரே சொல்

இப்போது சாஸ்திரத்துக்கு வருவோம். மனு ஸ்ம்ருதியின் 3ஆம் அத்தியாயத்தில், எந்தப் பெண்ணை மணக்கலாகாது என்ற பட்டியலில் "கபிலா" என்ற சொல் வருவது வாஸ்தவம்தான். கபில நிற முடியுள்ளவள் என்று குல்லூக பட்டர் போன்ற உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். அதே பட்டியலில் நோயுள்ளவள், அதிகம் பேசுபவள் எல்லாம் உண்டு. அதிகம் பேசுபவளை விலக்கினால் நம்மில் எத்தனை பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆனால் பதஞ்சலியைப் பாருங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பொதுவாகக் கருதப்படுபவர். பாணினி சூத்திரங்களுக்கு மஹாபாஷ்யம் எழுதியவர். அதில் பிராமணனுக்குரிய அடையாளங்களாகச் சொல்லப்படுபவற்றை அடுக்கும்போது வெளுத்த நிறம், சுத்தமான ஆசாரம் இவற்றோடு கபில கேசத்தையும் சேர்க்கிறார்! ஒரு நூலில் குற்றமாக இருப்பது இன்னொரு நூலில் லக்ஷணமாக இருக்கிறது. அதே இடத்தில், தவமும் கல்வியும் இல்லாதவன் பிறப்பால் மட்டுமே பிராமணன் என்ற கருத்தையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். முடியை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கபிலம் என்ற சொல் நமக்கு வேறு எங்கெல்லாம் வருகிறது? சாங்கிய தர்சனத்தை அருளிய மஹரிஷியின் பெயர் கபிலர். தானங்களில் உயர்ந்தது கபிலைப் பசு தானம் என்கிறோம். சங்க காலத்தில் பாரியின் நண்பராக விளங்கிய அந்தணப் புலவரின் பெயரும் கபிலர்தான். பாரி இறந்த பின் அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, வரன் தேடிச் சிற்றரசர்களின் வாசல் வாசலாக ஏறி இறங்கியவர் அவர். விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார், இருவரும் சம்மதிக்கவில்லை. புறநானூற்றில் அந்தப் பாடல்கள் உள்ளன. பெண்ணைப் பெற்றவர்களின் வயிற்றெரிச்சல் 2000 வருஷத்துக்கு முந்தியது என்பதை அங்கே பார்க்கலாம்.

ரிஷிக்கு ஆகும், பசுவுக்கு ஆகும், புலவருக்கு ஆகும் ஒரு நிறம், கூடத்தில் வந்து நமஸ்காரம் பண்ணும் பெண்ணுக்கு மட்டும் ஆகாது என்றால் அது என்ன நியாயம்?

பொன்முடி தேவர்கள்

இன்னொன்றையும் கவனித்தேன். ஸ்ரீ ருத்ரத்தில் பரமேச்வரனை "ஹரிகேசன்" என்று அழைத்து நமஸ்கரிக்கிறோம். "ஹரி" என்பதற்குப் பொன்னிறம், பழுப்பு, பச்சை என்று பல பொருள்கள் உண்டு. உரைகள் பலவிதம். அதே ருத்ரத்தில் மரங்களையும் ஹரிகேசங்கள் என்று வணங்குகிறோம். அவற்றுக்கு இலைதான் கூந்தல்! ரிக்வேதத்தில் சூரியனின் வடிவமான ஸவிதா ஹரிகேசன். இந்திரனுக்கு முடியோடு தாடியும் அதே நிறம். அக்னி ஹிரண்யகேசன், அதாவது பொன்முடியான். நமது சூத்திரகாரர்களில் ஆபஸ்தம்பர், போதாயனர் வரிசையில் ஹிரண்யகேசி என்றே ஒருவர் இருக்கிறார்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பண்டிதர்களில் சிலர் இத்தகைய சொற்களை வைத்துக்கொண்டு, வேத காலத்தவர்கள் தங்களைப் போலவே பொன்னிற முடியுள்ளவர்கள் என்று ஊகித்தார்கள். நம்மவர்களில் சிலரும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாருக்கெல்லாம் பொன்முடி சொல்லப்படுகிறது என்று பாருங்கள். சூரியன், தீ, இடி மின்னலுக்கு அதிபதி. சூரியனின் கிரணமும் அக்னியின் ஜ்வாலையும் அவர்களுக்கு முடியாகத் தெரிந்தன. உதயத்தை வர்ணிக்கிறவன் வேறு என்ன நிறம் சொல்வான்? இதிலிருந்து ஒரு ஜனத்தின் தலைமுடியைக் கண்டுபிடிக்க முடியாது.

விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது. மெலனின் என்ற வஸ்துவில் கருப்பு தரும் வகை ஒன்று, சிவப்பு தரும் வகை ஒன்று. இரண்டும் கலக்கும் விகிதமே முடியின் நிறம். செம்முடிக்குக் காரணமான ஒரு மரபணுவை 1995இல் அடையாளம் கண்டார்கள். பசிபிக் சமுத்திரத்தில் உள்ள ஸாலமன் தீவுகளில், நல்ல கருநிறத்து மக்களிடையே பத்தில் ஒருவர் வரை பிறவியிலேயே பொன்முடியோடு இருக்கிறார்கள். அது ஐரோப்பியர்கள் வழியாக வந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2012இல் பரிசோதித்ததில், அதற்குக் காரணம் ஐரோப்பியர்களிடம் இல்லாத வேறொரு மரபணு மாற்றம் என்று தெரிந்தது. ஆக, முடியின் நிறத்தை வைத்து ஒருவருடைய குலத்தையோ கோத்திரத்தையோ சொல்ல முடியாது.

எங்கள் பேட்டைக்கே ஒரு முடிச் சம்பந்தம் உண்டு. காக்ஸ் டவுனை ஒட்டிய ப்ரேஸர் டவுனுக்குச் சர்க்கார் வைத்த பெயர் புலகேசி நகர். நரசிம்மவர்ம பல்லவனிடம் 642இல் வாதாபியை இழந்த சளுக்க மன்னனை "சிவகாமியின் சபதம்" படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குப் "புலியின் மயிர் போன்ற மயிர் உடையவன்" என்று ஃப்ளீட் என்ற ஆங்கிலேய அறிஞர் பொருள் சொன்னார். நம் நீலகண்ட சாஸ்திரியோ "பெரிய சிங்கம்" என்று கொண்டார். எப்படியானாலும் சளுக்கர்கள் தங்கள் ராஜாவைச் செம்பட்டை என்று பரிகாசம் செய்யவில்லை!

வெறுப்பு எங்கிருந்து வந்தது?

அப்படியானால் செம்பட்டை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? சங்கப் புலவர்கள் பெண்களின் கூந்தலுக்கு ஆற்றின் கருமணல் படிவையும் கார்மேகத்தையும் உவமை சொன்னார்கள். பெரும்பாலோருக்கு இருப்பது அழகு ஆகிவிடும், சிலருக்கு மட்டும் இருப்பது குறை ஆகிவிடும். இது எல்லா தேசத்திலும் நடந்திருக்கிறது. எகிப்தில் சிவப்பு, குழப்பத்தின் தெய்வமான ஸெத்தின் நிறம். ஐரோப்பிய ஓவியர்கள் ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குச் செம்முடி வைத்து வரைந்தார்கள்.

நம் நாட்டில் வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். 1933இல் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இன்றைய கானா நாட்டில் குழந்தைகளுக்கு வந்த ஒரு வியாதியைப் பற்றி எழுதினார். க்வாஷியார்க்கர் என்று அதற்குப் பெயர். புரதச் சத்துப் போதாமல் வருவது என்று பிற்பாடு விளக்கினார்கள். கால் வீங்கும், தோல் உரியும், கருமுடி செம்பட்டையாகி உதிரும். பஞ்ச காலத்தில் நம் கிராமங்களிலும் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்தவர்கள் உண்டு. எண்ணெய் காணாத தலை, வெயிலில் வேலை செய்கிறவன் தலை, பசித்த குழந்தையின் தலை எல்லாமே செம்பட்டையாகும். அந்த நிறத்தைக் கண்டு ஒதுங்கியவர்கள், தெரிந்தோ தெரியாமலோ ஏழ்மையைக் கண்டு ஒதுங்கியவர்கள்தான். நல்ல நெய்யும் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்து, பிறவியிலேயே அந்த நிறம் கொண்ட என் அத்தையும் அந்த ஒதுக்கலில் மாட்டிக்கொண்டாள்.

முடி ஒரு கடிகாரம்

நம் பெரியவர்கள் முடியின் நிறத்தைப் பிரயோஜனமாக உபயோகித்த இடம் ஒன்று உண்டு. அவர்கள் அதைக் காலம் காட்டும் கருவியாக வைத்துக்கொண்டார்கள்.

புத்திரன் பிறந்து, கேசம் கருப்பாக இருக்கும்போதே ஒருவன் அக்னியாதானம் செய்ய வேண்டும் என்பது ச்ருதி. ஆனால் 48 வருஷம் வேதம் ஓதி பிரம்மசர்யம் காக்க வேண்டும் என்று ஒரு ஸ்ம்ருதி வாக்கியம் சொல்கிறது. 48 வருஷம் ஓதிவிட்டு, பிறகு கல்யாணம் செய்து, பிள்ளை பெறும்வரை முடி கருப்பாக இருக்குமா? இரண்டும் முரண்படுகின்றன. பூர்வ மீமாம்ஸையில் சபர பாஷ்யம் இந்த உதாரணத்தையும் எடுத்துக்கொண்டு, ச்ருதிக்கு விரோதமான ஸ்ம்ருதியைத் தள்ளிவிடலாம் என்று தீர்மானிக்கிறது. ஸ்ம்ருதியில் இருக்கிறது என்றாலே வாய் திறக்கக் கூடாது என்று நம் பூர்விகர்கள் எண்ணவில்லை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணத்திலேயே முடியின் நிறம் வருகிறது பாருங்கள்!

கருப்பு கடமையின் காலம் என்றால் நரை ஒப்படைக்கும் காலம். தோல் சுருங்கி, முடி நரைத்து, பேரனையும் பார்த்துவிட்டால் கிருஹஸ்தன் வனம் போகலாம் என்கிறார் மனு. புத்த ஜாதகக் கதைகளில் மிதிலையை ஆண்ட மகாதேவன் என்ற ராஜா வருகிறான். தலையில் நரை தெரிந்தால் சொல்லு என்று நாவிதனிடம் சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் நாவிதன் ஒற்றை நரையைப் பொற்சாமணத்தால் பிடுங்கி ராஜாவின் உள்ளங்கையில் வைத்தான். ராஜா நாவிதனுக்கு ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்தான், ராஜ்யத்தை மூத்த பிள்ளையிடம் கொடுத்தான், தானே தவத்துக்குப் போய்விட்டான். பர்ஹுத் ஸ்தூபத்தில் இந்தக் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. தசரதன் காதோரம் தோன்றிய நரை அவனுக்கு உபதேசம் செய்ததாகக் காளிதாசனும் கம்பனும் பாடியிருக்கிறார்கள். ராம பட்டாபிஷேகப் பேச்சு அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஆனாலும் நரையே பெரிய மனுஷத்தனம் ஆகிவிடாது என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. தலை நரைத்ததால் மட்டும் ஒருவன் பெரியவன் ஆவதில்லை என்று அதே மனு 2ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார். தம்மபதமும் சொல்கிறது. ஜனகர் சபை வாசலில் சிறுவன் அஷ்டாவக்ரனை, பெரியவர்களுக்குத்தான் உள்ளே இடம் என்று காவலாளி தடுத்தபோது அவன் சொன்ன பதிலும் இதுதான்.

நம் தமிழ்நாட்டில் இரண்டு அழகான கதைகள். கரிகாலன் சிறு வயதில் நியாயம் சொல்ல உட்கார்ந்தபோது, இவ்வளவு இளையவனா என்று வழக்காளிகள் தயங்கினார்கள். அவன் நரைமுடி தரித்துக் கிழவனாக வந்து தீர்ப்புச் சொன்னான். பழமொழி நானூற்றில் இந்தச் செய்தி உள்ளது. பிசிராந்தையாரோ இதற்கு நேர் எதிர். வயது ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, நல்ல மனைவி, நிறைந்த அறிவுள்ள மக்கள், சொல்லைத் தட்டாத ஏவலர், அநியாயம் செய்யாத அரசன், ஊரில் அடக்கமுள்ள சான்றோர்கள் இவர்களால்தான் என்றார். முடியைப் பற்றிக் கேட்ட கேள்விக்குத் தன்னைச் சுற்றியுள்ளவர்களைக் காட்டினார். ஒருவர் தலையில் உள்ளது அவரைச் சுற்றி இருப்பவர்களின் நடத்தையையும் காட்டும் என்பது எவ்வளவு பெரிய உண்மை!

சாயத்தின் பூர்வோத்தரம்

பேத்தி செய்துகொண்டதும் புதிது அல்ல. 6ஆம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் ப்ருஹத் ஸம்ஹிதையில் நரைக்குச் சாயம் சொல்கிறார். வெள்ளை முடிக்காரனுக்கு மாலையும் நகையும் சோபிக்காதாம்! வரகரிசியைக் காடியில் இரும்புப் பாத்திரத்தில் வேகவைத்து, இரும்புத் தூளோடு அரைத்துத் தலையில் பூசி, பச்சிலையால் மூடி வைக்க வேண்டும். பிறகு நெல்லிக்காய் விழுது. படித்தபோது எங்கள் பாட்டியின் இரும்பு வாணலி ஞாபகம் வந்தது. நெல்லிக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பாகும். அந்தக் காலத்தில் மசி தயாரித்ததும் இதே தத்துவத்தில்தான்.

ரோமாபுரிச் சீமாட்டிகள் ஜெர்மானியப் பெண்களின் பொன்முடியைச் சவுரியாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் மசூதி ரோடு பக்கம் போனால், மருதாணி இட்டுச் செந்நிறமாக்கிய தாடியோடு முஸ்லிம் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். நரைக்குக் கருப்புப் பூசாமல் மருதாணி இடுவது அவர்கள் மரபு. 1907இல் பாரிஸில் யூஜீன் ஷுல்லர் என்ற ரசாயன நிபுணர் செயற்கைச் சாயம் செய்தார். இன்று கடையில் விற்கும் டப்பாக்களின் மூலபுருஷர் அவர்தான்.

எல்லாவற்றையும்விட என் மனத்தில் நின்றது எகிப்து ராஜா இரண்டாம் ராம்ஸேஸின் கதை. சுமார் 90 வயது வரை வாழ்ந்து, கி.மு. 1213 வாக்கில் இறந்தவர். 1976இல் அவருடைய மம்மியைச் சிகிச்சைக்காகப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முடியைப் பரிசோதித்தபோது, இளமையில் அவர் செம்முடிக்காரர் என்று தெரிந்தது. கிழப்பருவத்தில் வெளுத்துவிட்டது. இறந்த பின் மருதாணியால் மறுபடி சிவப்பாக்கியிருக்கிறார்கள். கெட்ட தெய்வத்தின் நிறம் என்று ஒதுக்காமல், அவர் குலத்தார் அந்த ஸெத்தையே கும்பிட்டார்கள். தகப்பனாரின் பெயரே ஸேத்தி! அந்தக் குழந்தையைக் கரி பூசி யாரும் ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை.

பேத்திக்குப் பதில்

அத்தைக்கு 50 வயதுக்கு மேல் முடி வெளுக்க ஆரம்பித்தது. 60இல் முழு வெள்ளை. ஒருநாள் கண்ணாடி முன் நின்று தலையை வாரிக்கொண்டே சிரித்தாள். "இனிமே எனக்கும் எல்லாருக்கும் ஒரே கலர்டா. முப்பது வருஷம் முன்னாடியே நரைச்சிருக்கப்படாதோ?" என்றாள். வேடிக்கையாகச் சொன்னது போலத்தான் இருந்தது. நான் சிரிக்கவில்லை.

பேத்தி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அத்தையை வேண்டாம் என்றவர்கள் ஒருவர்கூட மனுவைச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஸ்லோகம் தெரிந்திருக்கும் என்றும் தோன்றவில்லை. அவர்கள் பார்வையில் பட்டது நிறம் மட்டும்தான். ஸ்லோகம் தெரிந்தவன் நான். அதைப் பேத்தியின் மேல் பிரயோகித்தவனும் நான்தான். கிண்ணம் பிடித்த கை 66 வருஷம் கழித்தும் கிண்ணத்தை விடவில்லை என்று புரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது.

மாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டு, "முடி அப்படியே இருக்கட்டும். வருகிறவர்கள் இருக்கிறபடி பார்க்கட்டும்" என்றேன். அவளுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "உங்களுக்கென்னப்பா, சொல்லிட்டுப் போயிடுவேள்" என்றாள். அவள் கவலையும் எனக்குப் புரிகிறது. பாட்டியும் இதே கவலையில்தான் எண்ணெய் காய்ச்சினாள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். முடிவு பகவான் கையில்.

அங்கத்தினர்களிடம் ஒரு விக்ஞாபனம். வரன் படிவங்களில் "நிறம்" என்று ஒரு கட்டம் இருப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அதை நிரப்பும்போதும், பிறர் நிரப்பியதைப் படிக்கும்போதும், உங்கள் அகத்திலும் இப்படி ஓர் அத்தையோ சித்தியோ இருந்தாளா என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். இருந்தால், அவளைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் அகத்தில் அத்தையின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கருப்பு வெள்ளைப் போட்டோ. அதில் அவள் முடி எல்லோருடையதையும் போலக் கருப்பாகத்தான் தெரிகிறது.